நலிவு குடிவந்த உடம்பு

புதுச்சேரியில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு நல்ல உடம்பு இருந்தது. அதற்குள் தணிகாசலம் என்றொரு கவிஞர் குடியிருந்தார்.

உடம்பைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் தணிகாசலம் அதைப் பற்றி யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. அகலமான தோள், உப்பிய கன்னம், கன்னத்தில் எப்போதும் லேசான சிவப்பு. வயிறு எல்லாருக்கும் முன்னால் வந்து நின்று, வீட்டுக்கு வருகிறவர்களை வரவேற்கிற மாதிரி இருக்கும்.

உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் ஒழுங்காக வேலை பார்க்கிறவர்கள். வயிறு பெரிய மனுஷத் தோரணையில் பேசும். நுரையீரல்கள் அக்கா தங்கை. ஒருத்தி பாதி சொன்னால் மற்றவள் மீதியை முடிப்பாள். முழங்கால்கள் இரண்டுக்கும் பயந்த சுபாவம். எதுவானாலும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். நாக்கு நல்லதுதான், யாராவது புகழ்ந்தால் மட்டும் மயங்கிவிடும். இதயம் யாரிடமும் பேசாது. வேலை நேரத்தில் பேசுவதில்லை என்பது அதன் கொள்கை. அதற்கு வேலையில்லாத நேரமே கிடையாது.

தணிகாசலம் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தார். அங்கே ஒரு மூலை அலமாரியில் பழைய பிரெஞ்சுக் கவிஞர்களின் புத்தகங்கள் தூசி படிந்து கிடந்தன. வேறு யாரும் எடுக்காததால் அவர் எடுத்துப் படித்தார். அவர் படித்த வரையில் அந்தக் கவிஞர்கள் எல்லாரும் வெளிறிப்போய் இருந்தார்கள். பட்டு மெத்தையில் சாய்ந்துகொண்டு, அழுகத் தொடங்கிய பழத்தைப் பார்த்து உருகினார்கள். அழகாக இருமினார்கள். தணிகாசலத்துக்கு அது பெரிய பாக்கியமாகத் தோன்றியது. சருகேசன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டு, உதிர்வதையும் மங்குவதையும் மட்கிப்போவதையும் பற்றி அவரும் எழுத ஆரம்பித்தார். மோசமாக எழுதினார் என்று சொல்ல முடியாது.

அவருடைய முதல் தொகுப்பு வெளியான கூட்டத்துக்கு விமர்சகர் அமலநாதன் வந்திருந்தார். அமலநாதன் குச்சி மாதிரி ஒல்லி. வெயில் காலத்திலும் பட்டுச் சால்வை போர்த்தியிருப்பார். கடுங்காப்பி தவிர அவர் எதையும் உட்கொண்டு பார்த்தவர்கள் இல்லை. தொகுப்பைப் பற்றி நெடுநேரம் நல்லவிதமாகப் பேசிவிட்டு, கடைசியில் மேடையில் உட்கார்ந்திருந்த தணிகாசலத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"கவிதைகளில் அழிவு இருக்கிறது, கவிஞரிடம் இல்லை. இவரைப் பார்த்தால் எனக்குக் கடலை எண்ணெய் விளம்பரம்தான் நினைவுக்கு வருகிறது."

கூட்டம் சிரித்தது. தணிகாசலமும் சிரித்தார். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றபோதுதான் அவருக்கு அழுகை வந்தது. அழுததில் முகம் இன்னும் சிவந்து இன்னும் ஆரோக்கியமாகத் தெரிந்தது. நீண்ட பெருமூச்சு ஒன்று விட்டார். விட்ட வாயை அவர் மூடுவதற்குள் நலிவு உள்ளே நுழைந்துவிட்டது.

நலிவு நடந்து வரவில்லை, சாய்ந்தபடியே வந்தது. ஊதா நிறத்தில் ஒரு துணியைச் சுற்றியிருந்தது. கையில் வாடிய தாழம்பூ. குரல் ரொம்ப மெல்லியது. வந்ததும் எல்லாரையும் கூப்பிட்டு, இனிமேல் இந்த உடம்பு ஒரு கலைப்படைப்பு என்று அறிவித்தது.

"இதுவரைக்கும் என்னவா இருந்துச்சுங்க?" என்று வயிறு கேட்டது.

"இதுவரை இது ஒரு சமையலறையின் நீட்சி" என்றது நலிவு.

வயிற்றுக்கு அது திட்டா பாராட்டா என்று தெரியவில்லை. சரிங்க என்று சொல்லி வைத்தது.

நலிவு ஒவ்வொருவருக்கும் வேலை பிரித்துக் கொடுத்தது. கன்னங்கள் வெளிற வேண்டும். கண்கள் பாதி மூடியிருக்க வேண்டும். முழங்கால்கள் தளர வேண்டும். நுரையீரல்கள் நளினமாக இரும வேண்டும். நாக்கைத் தனியாக அழைத்து, உன்னைப் போன்ற ஒரு நாக்கு இந்த ஊரிலேயே இல்லை, இனி நீ அழகான சொற்களை மட்டுமே தொட வேண்டும் என்றது. நாக்கு அந்த நிமிடமே அதன் சீடனாகிவிட்டது. இதயத்திடம் அவ்வப்போது ஒரு துடிப்பைத் தவறவிடும்படி சொன்னது. இதயம் பதில் சொல்லவில்லை. வேலையை மட்டும் தொடர்ந்து பார்த்தது.

"எனக்கு என்னங்க வேலை?" என்று வயிறு கேட்டது.

"நீ பசியை ரசிக்க வேண்டும்."

வயிறு கொஞ்சம் யோசித்தது. "ரசிச்சு முடிச்சதும் சாப்பாடு வருமா?"

வராது என்று நலிவு சொன்னது.

எல்லாரும் முயற்சி செய்தார்கள். சோம்பேறிகள் என்று அவர்களை யாரும் சொல்ல முடியாது. ஆனால் கெட்டுப்போவது அவர்களுக்குப் பழக்கமில்லாத வேலை. நுரையீரல்கள் இருமியபோது, குளிரில் நின்ற லாரியைக் கிளப்புகிற சத்தம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். முழங்கால்கள் ஒரே நேரத்தில் தளரத் தெரியாமல் மாறி மாறித் தளர்ந்ததால், கடற்கரைச் சாலையில் தணிகாசலம் கரகம் ஆடிக்கொண்டு போவதாக இரண்டு பேர் நினைத்தார்கள். கண்கள் சொன்னபடி பாதி மூடின. மூடியவை தூங்கிப்போக, தணிகாசலம் பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி வில்லியனூர் வரை போய்விட்டார். கன்னங்கள் மட்டும் எவ்வளவு சொல்லியும் வெளிறவில்லை. தணிகாசலம் முகப்பவுடரை எடுத்து அப்பிக்கொண்டார்.

அவருடைய மனைவி சுகுணவதி ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. காலையில் ஓடவிட்டுப் பழக்குவதும் மாலையில் கூடைப்பந்து ஆடவைப்பதும் அவர் வேலை. வீட்டுக்கு வந்தால், கணவர் பவுடர் பூசிய முகத்தோடு சோபாவில் ஒரு கையைத் தொங்கவிட்டுச் சாய்ந்திருப்பதைச் சில நாளாகக் கவனித்தார். ஒரு நாள், வஞ்சிரக் குழம்பு வைத்திருந்த நாள் அது, சாப்பிட வரும்படி கூப்பிட்டார்.

"நான் வாடிக்கொண்டிருக்கிறேன் சுகுணா" என்றார் தணிகாசலம்.

"சாப்ட்டுட்டு வாடுங்க."

"வாடுகிறவன் உண்ண மாட்டான்."

சுகுணவதி பக்கத்தில் வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். சூடு இல்லை. கையில் பவுடர்தான் ஒட்டியது. அலுவலகத்தில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். தணிகாசலம் கலையைப் பற்றிச் சொன்னார், அழிவின் அழகைப் பற்றிச் சொன்னார், உடலே கவிஞனின் கடைசிக் கவிதை என்றார். கடலை எண்ணெய் பற்றி மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் விஷயம் அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

உள்ளே வயிறு வஞ்சிர மணத்தை நோக்கிக் கை நீட்டி அழுதது. நலிவு தாழம்பூவால் மூக்கை மூடிக்கொண்டது.

இப்படிச் சில வாரம் போனது. பட்டினி வேலை செய்தது. தோள் இறங்கியது, கன்னம் ஒட்டியது. அமலநாதன் தெருவில் பார்த்து, "பரவாயில்லையே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத் தணிகாசலம் மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டார். அமலநாதனின் கலைச் சங்கம் அவரை ஒரு நிகழ்ச்சி செய்து தரும்படி கேட்டது. 'ஓர் உடலின் அஸ்தமனம்' என்று பெயர் வைத்தார்கள். பழம்பொருள் கடையிலிருந்து பிரெஞ்சுக்காரர் காலத்துக் குளியல் தொட்டி ஒன்று வாடகைக்கு வந்தது. அதில் ஐஸ் தண்ணீர் நிரப்பி, வாடிய பூக்களைக் கொட்டி, நடுவே தணிகாசலம் படுத்துக்கொண்டு தன் கவிதைகளைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அழகாகச் சாக வேண்டும்.

ஐஸ் எதற்கு என்று முழங்கால்கள் கேட்டன. உதடு நீலமாகத் தெரிய வேண்டும் என்றது நலிவு. அந்த வாரம் முழுக்க ஒத்திகை நடந்தது. ஒத்திகைக்கும் ஐஸ்தான்.

நிகழ்ச்சி ஞாயிற்றுக்கிழமை காலையில். அரங்கம் நிறைந்திருந்தது. அமலநாதன் முன்வரிசையில், சால்வையோடு. சுகுணவதி விடுமுறைப் பயிற்சி முடித்துவிட்டுப் பள்ளி மைதானத்திலிருந்து நேராக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பூக்கள் மார்க்கெட்டில் விற்காமல் போனவை. அவற்றோடு எறும்புகளும் வந்திருந்தன. தணிகாசலம் தொட்டியில் இறங்கியதுமே எறும்புகள் தங்கள் கருத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டன. அவர் நெளிந்தார். அந்த நெளிவு கூட்டத்துக்குப் பிடித்திருந்தது.

மைக்கைச் சட்டையின் கீழ்ப்பொத்தானில் மாட்டியிருந்தார்கள். "என் ஆன்மாவின் ஆழத்திலிருந்து ஓர் ஓலம்" என்று அவர் முதல் வரியைச் சொன்னதும், வயிறு பொறுக்க முடியாமல் கத்தியது. அது ஒலிபெருக்கியில் போய், அரங்கச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. பிரமாதமான ஒலியமைப்பு என்று யாரோ பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

இரண்டாவது கவிதையின்போது காய்ச்சல் வந்தது.

காய்ச்சல் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, இங்கே யார் பொறுப்பு என்று கேட்டது. எல்லாரும் நலிவைக் காட்டினார்கள்.

"நீ யார்?" என்றது நலிவு.

"காய்ச்சல். நீங்க கூப்பிட்டதா சொன்னாங்க. ஐஸு, பட்டினி, அழுகின பூ, எல்லாம் சேர்த்து வெச்சிருக்கீங்களே."

"நான் அழைத்தது வேறு காய்ச்சலை. மாலை வேளைகளில் வந்து, கன்னத்தில் மட்டும் நின்று, கண்ணுக்கு ஓர் ஒளியைக் கொடுத்துவிட்டுப் போகிற மெல்லிய காய்ச்சல்."

"அப்படி ஒரு ஆள் எங்க பக்கத்துல கிடையாதுங்க" என்று சொல்லிவிட்டு, காய்ச்சல் வேலையைத் தொடங்கியது.

முதலில் மூக்கு ஒழுகியது. பிறகு குமட்டியது. பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. வியர்வை நாறியது. வாயில் கசப்பான எச்சில் ஊறியது. நலிவு ஊதாத் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மூலையாக ஒதுங்கியது. இதில் ஒரு ஒழுங்கே இல்லை, வடிவம் இல்லை, யாராவது இந்தச் சளியைத் துடையுங்கள் என்று கெஞ்சியது. துடைக்க யாருக்கும் நேரமில்லை. அப்போது ஒரு தும்மல் வந்தது. நலிவு அதில் தாவி ஏறி வெளியே பறந்து, முன்வரிசையில் அமலநாதனின் சால்வை மடிப்பில் போய் விழுந்தது. அது அதன் பழைய வீடு.

உள்ளே நிலைமை மோசமானது. நுரையீரல்கள் இப்போது யாரும் சொல்லிக்கொடுக்காமலே இருமினார்கள். முழங்கால்கள் முதன்முறையாக ஒரே நேரத்தில் தளர்ந்தன. அப்போது இதயம் பேசியது.

"எல்லாரும் கொஞ்சம் இங்க பாருங்க. என்னால தனியா இழுக்க முடியல."

அதன் குரலை அதுவரை யாரும் கேட்டதில்லை. வயதான, களைத்த குரல். எல்லாரும் பயந்துபோனார்கள். வயிறு தன்னிடம் இருப்பதையெல்லாம் தேடிப் பார்த்தது. கொடுக்க ஒன்றுமில்லை. "என்கிட்ட இருந்தா தராம இருப்பேனா?" என்று சொல்லிவிட்டுத் தலைகுனிந்தது.

"அந்தம்மாவைக் கூப்பிடு" என்று இதயம் நாக்கிடம் சொன்னது.

நாக்கு வாயைத் திறந்தது. அதற்கு வந்ததெல்லாம் நலிவு சொல்லிக்கொடுத்த சொற்கள். அந்தியின் தேவதையே என்பதா, வெளிறிய நிலவே என்பதா என்று தடுமாறியது. ஒவ்வொன்றும் தூக்க முடியாத கனம். கடைசியில் எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டு, வீட்டில் பேசுகிற மாதிரி பேசியது.

"சுகுணா, தண்ணி."

சருகேசனின் கவிதைகளில் நீர்மை உண்டு, அமிழ்து உண்டு, கண்ணீரின் கடல் உண்டு. தண்ணி என்ற வார்த்தை ஒரு இடத்திலும் கிடையாது. சுகுணவதிக்கு அது தெரியும், எல்லாவற்றையும் அவர்தான் கையெழுத்துப் பிரதியில் படித்தவர். எழுந்து, நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு மேடைக்கு ஓடினார். தொட்டிக்குள் கையை விட்டுக் கணவரைத் தொட்டார். இந்தத் தடவை சூடு கொதித்தது.

"யாராவது ஒரு ஆட்டோ கூப்பிடுங்க" என்றார், கூட்டத்தைப் பார்த்து.

ஒருவரும் அசையவில்லை. எல்லாரும் அது வசனம் என்று நினைத்து அதன் ஆழத்தை யோசித்துக்கொண்டிருந்தார்கள். சுகுணவதி இரண்டு நொடி பார்த்தார். பிறகு குனிந்து, தணிகாசலத்தின் கையைத் தன் தோளைச் சுற்றிப் போட்டு, அப்படியே முதுகில் தூக்கிக்கொண்டு, நடுப்பாதை வழியாக வெளியே நடந்தார். வழியெல்லாம் பூவும் தண்ணீரும் எறும்பும் சொட்டின. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அமலநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில், நிமோனியா என்று டாக்டர் சொன்னார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று தொடங்கி, சுகுணவதியின் முகத்தைப் பார்த்துவிட்டு, பாதியில் நிறுத்திக்கொண்டார். அவர் நிறுத்திய இடத்தைத்தான் சுகுணவதி அந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கட்டில் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். தணிகாசலம் ஒரு தரம் கண் திறந்தபோது, "எதுக்குங்க?" என்று மட்டும் கேட்டார்.

அப்போதுதான் அவர் கடலை எண்ணெயைப் பற்றிச் சொன்னார்.

சுகுணவதிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் செய்வது என்று தெரியாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு போர்வையைச் சரிசெய்தார்.

காய்ச்சல் கொண்டுவந்ததையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு ஒரு நாள் கிளம்பியது. யாரும் அதை வழியனுப்பவில்லை, அது எதிர்பார்க்கவும் இல்லை. வயிற்றுக்கு முதல் கரண்டி கஞ்சி வந்தது. வயிறு அதை உடனே வாங்கிக்கொள்ளவில்லை. முதலில் இதயத்துக்குக் கொடுங்க என்றது. இதயம் மறுபடி பேசாத ஆளாகிவிட்டிருந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டது. நுரையீரல்கள் நன்றாக மூச்சு இழுத்து, ஒருத்தி பாதியும் மற்றவள் மீதியுமாக விட்டார்கள். நாக்கு மட்டும் வெட்கப்பட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றது. வயிறு அதைக் கூப்பிட்டு, கஞ்சியோடு வந்திருந்த பருப்புத் துவையலைக் காட்டி, உப்பு சரியா என்று பார்க்கச் சொன்னது.

மறுநாள் அமலநாதன் ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்தார். நலிவு சால்வை மடிப்பில் சாய்ந்திருந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் அழைக்கிறார்கள் என்றார் அமலநாதன். அந்தக் கடைசிக் காட்சியை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும், அந்தத் தண்ணி என்கிற சொல்லையும். முதுகில் தூக்கிப்போவதும் வேண்டும், அம்மாவும் வர முடியுமா என்று கேட்டார். சுகுணவதி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

தணிகாசலம் மடியில் இருந்த கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியதாகச் சொல்கிறார்களே. அவர் வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்டது அதுதான். உள்ளே எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். நலிவு மடிப்பிலிருந்து எழுந்து, பழைய இடத்துக்குப் போகத் தயாராகத் துணியை உதறிக்கொண்டது.

அந்த நேரத்தில் வயிற்றுக்கு ஒரு குரல் கேட்டது. ரொம்ப மெல்லிய குரல், வெளியிலிருந்து.

"அண்ணே, என்ன வாசனை அது?"

"யாருப்பா?" என்றது வயிறு.

"நான்தாண்ணே. அமலநாதன் சாரோட வயிறு."

"அவருக்கு வயிறு இருக்கா?"

"நான் இருக்கேன். அவருக்குத்தான் ஞாபகம் இல்ல."

வயிறு அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கொஞ்சம் சத்தமாகவே பேசு, பயப்படாதே என்றது. வெளியே இருந்த வயிறு வருஷக்கணக்கான தயக்கத்தைவிட்டுப் பேசியது. 'அஸ்தமனத்தின் இரண்டாம் பாகம்' என்று அமலநாதன் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில், அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

அமலநாதன் நிறுத்தினார். அவர் முகம் சிவந்தது. சிவந்தபோது அவரும் பார்க்க நன்றாகத்தான் இருந்தார்.

"சாப்ட்டீங்களா சார்?" என்று தணிகாசலம் கேட்டார்.

அப்படி ஒரு கேள்வியை அமலநாதனிடம் யாரும் கேட்டு நாளாகியிருந்தது. அவருடைய கருத்து என்ன என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். இல்லை என்றார். ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி சொன்னார். தணிகாசலம் இன்னொரு கிண்ணத்தில் பாதிக் கஞ்சியை ஊற்றி அவர் பக்கம் தள்ளினார். சென்னையைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றார். பிறகு, கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டே, இல்லை, பேசவே வேண்டாம் என்றார்.

சுகுணவதி வெந்நீரோடு திரும்பி வந்தபோது, இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சத்தம் போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். சால்வை நாற்காலியின் பின்னால் கிடந்தது. அமலநாதன் நிமிர்ந்து பார்த்து, துவையல் இன்னும் கொஞ்சம் இருக்குமா என்று கேட்டார்.

நலிவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று அறையைவிட்டு வெளியே வந்தது. ஆஸ்பத்திரி முழுக்க வெளிறிய முகங்கள், ஒட்டிய கன்னங்கள், தளர்ந்த கால்கள். இவ்வளவு அழகையும் ஒரே இடத்தில் அது பார்த்ததில்லை. ஆசையாக ஒவ்வொரு கட்டிலாகப் போனது. ஒரு பெரியவர் சுவரைப் பிடித்து நடந்து பழகிக்கொண்டிருந்தார். நலிவைப் பார்த்து, ட்யூபை மிதிக்காமல் தள்ளி நில்லுப்பா என்றார். ஒரு பெண் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மதியம் ரசம் தருவார்களா என்று நர்ஸிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். நலிவின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

வார்டு வாசலுக்கு வந்து சேரும்வரை ஒருவர்கூட அதை உட்காரச் சொல்லவில்லை.